39 மணி நேரம் வாழ்ந்த ஜனாதிபதி மகன்

தாய் ஓர் ஊரில். அவள் பெற்ற குழந்தை வேறோர் ஊரில். நடுவே சுமார் 100 கிலோமீட்டர் தூரம்!

இந்த நிலை ஏழை வீட்டில் ஏற்படவில்லை. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் குடும்பத்தில் ஏற்பட்டது.

1963-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி. கென்னடியின் மனைவி ஜாக்குலின், கேப் காட் என்ற கடற்கரைப் பகுதியில் தங்கி இருந்தார். பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தது. அன்று திடீரென்று வலி கண்டது. அவரை ஹெலிகாப்டரில் ஏற்றி, அருகில் இருந்த விமானப்படை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள்.

ஆண் குழந்தை. எடை சுமார் 2 கிலோ 100 கிராம். பாட்ரிக் என்று பெயர் வைத்தார்கள்.

மூச்சுத் திணறல்

பிறந்ததுமே குழந்தை மூச்சுவிடத் திணறியது. அதற்கு வேண்டிய வசதி அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கென்றே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே கொண்டுபோவது என்று முடிவாயிற்று.

சூடான கண்ணாடிப் பெட்டியில் குழந்தையை வைத்து, ஆம்புலன்சில் ஏற்றினார்கள். குழந்தை பாஸ்டன் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் கிடைத்த மேலான வைத்தியம் எல்லாம் செய்தார்கள். காற்றழுத்தம் மிகுந்த இரும்பு அறைக்குள் வைத்தும் பார்த்தார்கள். பலன் இல்லை. 9-ந் தேதி அதிகாலையில் குழந்தை இறந்தது. அது வாழ்ந்தது 39 மணி நேரம்.

என்ன கோளாறு?

நம் நுரையீரலில் சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. மூச்சை விடும்போது அவை சுருங்கி ஒட்டிப்போகாமல், சோப்பு நுரை போன்ற ஒரு பொருள் காக்கிறது. அது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் போதிய அளவு ஊறும். முன்னதாகப் பிறக்கும் பல குழந்தைகளுக்கு அது போதாது.

இதை 1959-ல் கண்டு சொன்னவர் மேரி எலன் ஏவரி என்ற பெண் டாக்டர். அதே பாஸ்டன் நகரில்தான் கண்டுபிடித்தார்! காரணம் தெரிந்துவிட்டது. மருந்துதான் இல்லை.

1980-ல் ஜப்பான் டாக்டர் புஜிவாரா, அந்தப் பொருளையே குழந்தைகளின் மூச்சுக் குழாயில் செலுத்தி வெற்றி கண்டார். பாட்ரிக் இன்று பிறந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பான்.

வழியில் வரும் ஆபத்து

வேகமாக ஓட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியது. உடம்பில் கொழுப்பும் குறைவு. சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் மூச்சும் தளரும், ரத்தத்தில் சர்க்கரையும் குறையும். ஆகவே புறப்படும் முன்பே உடம்புச் சூட்டையும், சர்க்கரையையும், மூச்சையும் சரிசெய்ய வேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் தாமதித்தாலும் நஷ்டம் இல்லை. உறவினர்கள் இதற்காக டாக்டரிடம் கோபித்துக்கொள்வது உண்டு!

கண்ணாடிப் பெட்டி கிடைக்காத இடத்தில், தாயின் வெறும் மார்போடு குழந்தையை அணைத்து, மேலே துணி போர்த்தி அழைத்துச் செல்லலாம். உலக சுகாதார நிறுவனமே இந்த முறையைச் சொல்கிறது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. குறைமாதப் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவது. தாய்க்கு ஓர் ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று 1972-ல் நியூசிலாந்து டாக்டர்கள் காட்டினார்கள். அது முழுதாக வேலைசெய்ய ஒரு நாளாவது வேண்டும். சில சமயம் ஜாக்குலினுக்கு நேர்ந்ததுபோல் அந்த அவகாசம் கிடைப்பது இல்லை.

அன்று பாஸ்டனுக்குப் புறப்படும் முன், கென்னடி அந்தக் கண்ணாடிப் பெட்டியை மனைவியின் அறைக்குக் கொண்டுவந்து காட்டினார். ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த ஜாக்குலின் சிறிது நேரம் மகனைப் பார்த்தார். பிறகு வண்டி புறப்பட்டது. அதன்பின் அவர் அவனை உயிரோடு பார்க்கவில்லை. உடல்நிலை காரணமாக அடக்கத்துக்கும் போக முடியவில்லை.