கவுண்ட் இறங்கிய நாட்கள்: அன்றும் இன்றும்

நித்தியகல்யாணியில் ஆடு வாய் வைக்காது. மழை பொய்த்தாலும் செடி தாக்குப்பிடிக்கும். தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்ட மானாவாரி நிலங்களில் அதைப் பயிராகவே போடுகிறார்கள். ஆறாம் மாதம் ஒரு தடவை, ஒன்பதாம் மாதம் ஒரு தடவை இலையை உருவுவார்கள். ஓராண்டு முடிந்ததும் வேரோடு பிடுங்கி, மண் உதறிக் கழுவி, இலை தனி வேர் தனியாகக் காயப்போட்டு மூட்டை பிடிப்பார்கள். நிலாவரை மூட்டைகளோடு அதுவும் தூத்துக்குடி குடோனுக்கு வந்து கப்பலேறும்.

சுடுகாட்டு மல்லி என்று ஊர் ஒதுக்கிவைத்த இந்தச் செடியின் இலையிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற மருந்து வருகிறது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு முதல் வாரத்திலேயே ஏற்றப்படும் ஊசிகளில் அது ஒன்று. ஒரு கிராம் மருந்துக்குக் காய்ந்த இலை நூற்றுக்கணக்கான கிலோ வேண்டும்.

அதைக் கண்டுபிடித்த விதத்திலேயே இத்தகைய புற்றுநோய் மருந்துகளின் குணம் முழுதும் தெரிந்துவிடுகிறது. 1950களில் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் இந்த இலைச்சாறு சர்க்கரையைக் குறைக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் கஷாயத்தைக் குடிக்கும் பழக்கம் இருந்தது. எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. சில நாளில் தொற்று கண்டு செத்துப்போயின. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. அவை பிறக்கிற எலும்பு மஜ்ஜை வறண்டு கிடந்தது. வெள்ளையணுவை இப்படி அழிக்கிற சாறு, வெள்ளையணுவே பெருத்து ஆளைக் கொல்லும் நோய்க்கு ஆகுமே என்று அவர்களுக்குப் பட்டது. 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. வின்கிரிஸ்டின் மஜ்ஜையை அவ்வளவாகத் தொடாது, நரம்பைத்தான் பிடிக்கும். கால் மரத்துப்போவதும் மலம் இறுகுவதும் அதனால்தான். ஆனால் அதைத் தனியாகக் கொடுப்பதில்லை. கூடவே வருகிற மருந்துகள் மஜ்ஜையை விட்டுவைப்பதில்லை.

அவற்றில் மெத்தோட்ரெக்சேட்டுக்கும் அதற்கு முன்னோடியான அமினோப்டெரினுக்கும் பின்னால் நின்றவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1947-48இல் பாஸ்டனில் சிட்னி பார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரினைக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. கூட வருகிற இன்னொரு மருந்தான மெர்காப்டோபூரின் 1953இல் வந்தது. அதிலிருந்து செய்த அசாத்தியோப்ரினைத்தான் பிறகு மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்கக் கொடுத்தார்கள். உடம்பின் காவலை அடக்கிவைக்கும் திறன் இந்த மருந்துக் குடும்பத்துக்கே உண்டு.

அன்று தூத்துக்குடியில் ஒரு பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால், எழும்பூருக்கு ரயிலேறி, 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 1981இல் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் வந்தபின் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அது கிட்டத்து இடமானது. 1980களிலும் 90களிலும் மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ், அடையாறு மூன்றும் எம்சிபி 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. ஐந்தில் ஒரு குழந்தை பிழைப்பதே பெரிது என்றிருந்த நிலை மாறி, பாதிப் பேர் வரை தேறினார்கள். அந்த நாட்களில் நிறையக் குடும்பங்களுக்கு நேர்ந்த கொடுமை இது: மருந்து வேலை செய்கிறது, கெட்ட அணுக்கள் மறைகின்றன, பிள்ளையை ஊருக்குக் கூட்டி வருகிறார்கள், ஒரு ராத்திரி காய்ச்சல் அடிக்கிறது. கைவைத்தியம் பார்த்து, காலையில் பக்கத்து டாக்டரிடம் காட்டி, மறுநாள் பஸ் பிடிப்பதற்குள் கிருமி ரத்தமெல்லாம் பரவிவிடும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தால் காரணம் தெரியும். மொத்த வெள்ளையணு 1,200, அதில் நியூட்ரோபில் 30 சதவீதம் என்று இருக்கிறதா? கணக்குப் போட்டால் 360. இதைத்தான் கவுண்ட் என்கிறார்கள். பாக்டீரியாவை முதலில் மடக்கிப் பிடிக்கிற சிப்பாய் அணு நியூட்ரோபில்தான். கவுண்ட் 500க்குக் கீழே போய்விட்டால் வாய்ப்புண்ணிலும் குடலிலும் சும்மா இருந்த கிருமியே போதும், ஆளைச் சாய்க்க. சண்டை போட ஆளில்லாத உடம்பில் சீழ் கட்டாது, வீக்கமும் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு அதுவும் மங்கித்தான் தெரியும்.

அம்மை இன்னொரு ஆபத்து. வேப்பிலை செருகி, அம்மன் வந்திருக்கிறாள், மருந்து கூடாது என்று வீட்டோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்தத் தூத்துக்குடிக் கரையில் இன்னும் போகவில்லை. அந்தப் பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கீமோ எடுக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை நுரையீரலிலும் ஈரலிலும் இறங்கும். தெருவில் யாருக்காவது அம்மை என்று தெரிந்ததுமே, பிள்ளைக்கு ஒரு கொப்புளம் தெரியாவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட வேண்டும்.

இன்று எவ்வளவோ மாறிவிட்டது. தூத்துக்குடிக்கே 2000இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது. வெள்ளையணுவை ஏற்றிவிட ஊசி இருக்கிறது. பெரியவர்களுக்கு வரும் நாள்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. நோயணுவில் மட்டும் இருக்கிற ஒரு கோளாறான புரதத்தைக் குறிபார்த்து அடக்குவதால், பலர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தங்கள் வேலைக்குப் போகிறார்கள். மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொன்ன நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டுப் போட்ட மனுவை 2006இல் தள்ளுபடி செய்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதனால்தான் இந்திய நிறுவனங்கள் செய்த மாத்திரை ஏழைக்கும் எட்டியது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இந்த மாத்திரையும் காவலைச் சும்மா விடுவதில்லை. முதல் மாதங்களில் கவுண்ட் இறங்கலாம். ஈரலில் உறங்கிக்கிடக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி மறுபடி எழுந்துகொள்ளலாம். மாத்திரை தொடங்கும் முன்பே அதற்குச் சோதனை செய்வது இதற்காகத்தான். 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற, மும்பை ஐஐடியும் டாடா மருத்துவமனையும் உருவாக்கிய கார்-டி சிகிச்சை இன்னும் வியப்பானது. நோயாளியின் டி அணுக்கள் என்னும் காவல் அணுக்களையே வெளியே எடுத்து, நோயணுவை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். அவை நோயுற்ற பி அணுவோடு நல்ல பி அணுவையும் சேர்த்து அழிக்கின்றன. எதிர்ப்புப் புரதம் செய்யும் அணு அற்றுப்போவதால் சிலருக்கு அந்தப் புரதத்தையே வெளியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது.

ஆகவே காய்ச்சல் ராத்திரி இன்னும் முடியவில்லை. வேம்பாரிலோ மணப்பாட்டிலோ பெரியதாழையிலோ நடுச்சாமத்தில் தெர்மாமீட்டர் 101 காட்டினால், தாய் கேட்க வேண்டியது பாராசிட்டமால் அல்ல, வண்டி. சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறியாக வேண்டும். அவசரப் பிரிவில் அந்நேரம் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது. சாதாரணக் காய்ச்சல் என்று வரிசையில் உட்காரவைத்துவிடலாம். சிகிச்சை தரும் மருத்துவமனை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறிய அட்டை தர வேண்டும். இந்தப் பிள்ளை கீமோவில் இருக்கிறது, காய்ச்சல் என்றால் காத்திருக்க வைக்காதீர்கள், முதலில் கொடுக்க வேண்டிய மருந்து இது, கூப்பிட வேண்டிய எண் இது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதியிருந்தால், எந்த வாசலிலும் அதை நீட்டிக்காட்டலாம்.