பம்புத் தகட்டில் ஏன் மீட்டர்?

கடையில் விற்கும் நீர் பம்பை உற்றுப் பாருங்கள். அதன் தகட்டில் 'அதிகபட்ச ஹெட் 30 மீட்டர்' என்பதுபோல் ஏதாவது எழுதியிருக்கும். அழுத்தத்தைப் பாஸ்கலில் அளப்பதாகத்தானே படித்தோம்? மீட்டர் எப்படி வந்தது?

அழுத்தம் என்பது உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகை. 10 மீட்டர் உயர நீர், தன் அடியில் சுமார் 98,000 பாஸ்கல், அதாவது ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தருகிறது. எனவே அழுத்தத்தை நீரின் உயரமாகவும் சொல்லிவிடலாம். அந்த உயரமே 'ஹெட்', தமிழில் அழுத்த உயரம்.

உயரமான வீவக புளோக்குகளில் கூரைத் தொட்டியிலிருந்து நீர் கீழிறங்குகிறது. தொட்டி நீர்மட்டத்துக்கு 5 மீட்டர் கீழே உள்ள குழாயில் அரை பார் அழுத்தம்தான். 30 மீட்டர் கீழே 3 பார். உச்சி மாடிகளுக்குத் தனியாக ஒரு பம்பு தேவைப்படுவது இதனால்தான்.

சரி, பம்புக்கு வருவோம். மையவிலக்குப் பம்பின் சக்கரம் சுழன்று திரவத்துக்கு வேகம் தருகிறது. ஒரே வேகத்தில் இரும்புக் குண்டையும் மரக் குண்டையும் மேலே எறிந்தால், காற்றுத் தடை இல்லாவிட்டால், இரண்டும் ஒரே உயரம்தான் போகும். திரவமும் அப்படித்தான். நீரை 30 மீட்டர் ஏற்றும் பம்பு, அடர்த்தி 1.2 மடங்கான உப்புக் கரைசலையும் 30 மீட்டர் ஏற்றும். ஆனால் அழுத்தம் 2.9 பாரிலிருந்து 3.5 பாராக உயரும். அதே அளவு ஓட்டத்துக்கு மோட்டாருக்கு 20 விழுக்காடு கூடுதல் திறனும் தேவை. இதைக் கவனிக்காமல் நீருக்கான மோட்டாரையே பொருத்தினால் அது சூடேறிக் கருகக்கூடும். திரவம் மாறினால் அழுத்தம் மாறும், உயரம் மாறாது. தயாரிப்பாளர்கள் மீட்டரை விரும்புவதில் வியப்பில்லை.

ஆனால் அந்த 'அதிகபட்ச' என்ற சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 30 மீட்டர் என்பது ஓட்டமே இல்லாத நிலையில் கிடைக்கும் உயரம். 30 மீட்டர் உயரத் தொட்டிக்கு இந்தப் பம்பை வாங்கினால் நீர் விளிம்புவரை ஏறி நின்றுவிடும், ஒரு சொட்டும் விழாது!

உராய்வும் தன் பங்கைக் கேட்கும். குழாயின் விட்டத்தைப் பாதியாக்கி அதே அளவு நீரை அனுப்பினால் வேகம் 4 மடங்காகும், உராய்வு இழப்போ சுமார் 32 மடங்காகும். தொட்டி 20 மீட்டர் உயரத்தில், உராய்வு இழப்பு 6 மீட்டர் என்றால், 26 மீட்டரில் நமக்கு வேண்டிய அளவு நீரைத் தரும் பம்பைத்தான் தேட வேண்டும்.