செல்போன் சொன்ன புத்தகம் எந்த அலமாரியில்?
லைப்ரரியில் தேடும் புதுவை மாணவர்கள்!

நெல்லித்தோப்பு—

ராத்திரி 11 மணி. நெல்லித்தோப்பு சந்துகளில் கடைக் கதவுகள் இறங்கிவிட்டன. ஆனால் காலேஜ் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இன்னும் வெளிச்சம் தெரிகிறது.

விளக்கு வெளிச்சம் அல்ல. செல்போன் வெளிச்சம்!

கேள்வியைத் தட்டினால் போதும்; பதில் 'பாயிண்ட் பாயிண்டாக' வந்து விழுகிறது. கட்டுரை கேட்டால் கட்டுரை. புத்தகப் பட்டியல் கேட்டால் பட்டியல். தமிழில் கேட்டால் தமிழ், பிரெஞ்சில் கேட்டால் பிரெஞ்சு!

"இதுக்கப்புறம் லைப்ரரிக்கு எதுக்குப்பா பஸ் ஏறிப் போகணும்?" என்று பிள்ளை கேட்கிறான். நாள் பூரா கல்லாவில் உட்கார்ந்துவிட்டு வந்த அப்பாவுக்கும், 'அவன் சொல்றதும் நியாயம்தானே' என்று படுகிறது.

நியாயம்தானா? கொஞ்சம் பார்க்கலாம்.

கோனார் நோட்ஸும் செல்போனும்

'சாட்ஜிபிடி' என்ற செயற்கை நுண்ணறிவு 2022 நவம்பர் 30-ந் தேதி வெளியே வந்தது. அதற்குப் பின்னால் அதே மாதிரி இன்னும் பல வந்துவிட்டன. இன்று அது இல்லாத மாணவர் செல்போனைப் பார்ப்பது அபூர்வம்.

குறுக்கு வழி புதிது அல்ல. அந்தக் காலத்தில் கோனார் நோட்ஸ் இருந்தது. ஜெராக்ஸ் கடையில் சீனியர் எழுதிய நோட்ஸ் கிடைத்தது. பரீட்சைக்கு முதல் நாள் அதைப் படித்துவிட்டுப் பாஸ் செய்தவர்கள் எத்தனையோ பேர். இன்று ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நோட்ஸ் அட்டையில் எழுதியவர் பேர் இருக்கும். தப்பு இருந்தால், 'இவர் எழுதியது' என்று காட்டலாம். செல்போன் பதிலுக்கு அந்த விலாசம் கிடையாது!

இல்லாத புத்தகம்!

வரலாறு படிக்கும் ஒரு மாணவர் என்று வைத்துக்கொள்வோம். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுவை நெசவாளர்களைப் பற்றி அவர் கட்டுரை எழுத வேண்டும். ராத்திரி செல்போனைக் கேட்கிறார். 5 புத்தகங்களின் பேர், ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் வந்துவிடுகிறது. மறுநாள் காலை அந்தச் சீட்டோடு லைப்ரரிக்குப் போகிறார்.

"சார், இந்த அஞ்சு புத்தகம் வேணும்."

நூலகர் பட்டியலில் தேடுகிறார். இரண்டு இருக்கிறது. மூன்று இல்லை.

"வேற லைப்ரரியில இருக்குமா சார்?"

"எங்கேயும் இருக்காது தம்பி. அப்படி ஒரு புத்தகம் யாரும் எழுதலை!"

இது விளையாட்டுக்குச் சொல்லும் கதை அல்ல. இல்லாத புத்தகத்துக்குப் பேர் வைத்து, இருக்கும் ஆசிரியர் தலையில் கட்டிவிடுவது இந்த மெஷின்களின் தெரிந்த வியாதி. பேர் பொருத்தமாக இருக்கும், ஆண்டும் பொருத்தமாக இருக்கும். புத்தகம்தான் இருக்காது!

வக்கீலுக்கு அபராதம்

மாணவர்கள் மட்டும் ஏமாறவில்லை. அமெரிக்காவில் வக்கீல்களே மாட்டிக்கொண்டார்கள்.

நியூயார்க் கோர்ட்டில் ஒரு விமானக் கம்பெனி மீது வழக்கு. பயணியின் தரப்பு வக்கீல்கள் பழைய தீர்ப்புகளை எடுத்துக்காட்டி மனு போட்டார்கள். எதிர்த்தரப்பு தேடியது, கிடைக்கவில்லை. நீதிபதியும் தேடினார், கிடைக்கவில்லை. அப்படித் தீர்ப்புகளே இல்லை என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. அத்தனையும் சாட்ஜிபிடி கைச்சரக்கு!

இதில் வேடிக்கை என்னவென்றால், 'இந்தத் தீர்ப்பு நிஜம்தானா?' என்று வக்கீல் அந்த மெஷினையே கேட்டிருக்கிறார். 'நிஜம்தான்' என்று அதுவும் சொல்லியிருக்கிறது! 2023 ஜூனில் 5 ஆயிரம் டாலர் அபராதம் விழுந்தது.

திருடனைக் கேட்டே சாட்சி வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

ஏன் இப்படி?

மெஷின் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. அதன் வேலையே வேறு.

கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்க வைத்து அதைப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வந்தால் பொருத்தம் என்று கணக்குப் போட்டு, வரிசையாக எடுத்து வைக்கிறது. நன்றாகத் தெரிந்த விஷயத்தில் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். அதிகம் பேர் எழுதாத விஷயத்தில்? அங்கேயும் நிறுத்தாது. பொருத்தமாகத் தோன்றுவதைப் போட்டு ரொப்பிவிடும்.

உலகப் போரைப் பற்றிக் கேட்டால் தப்பு குறைவு. நெல்லித்தோப்பைப் பற்றிக் கேட்டால்தான் வம்பு!

இப்போது சில மெஷின்கள் இணையத்தில் தேடி, 'இங்கிருந்து எடுத்தேன்' என்று காட்டவும் செய்கின்றன. நல்லதுதான். ஆனால் காட்டிய இடத்தைத் திறந்து, அங்கே அது இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அப்போதும் மனுஷனுக்குத்தான்.

கடைக்காரர்களுக்கு இது புரியும். சரக்கு பளபளப்பாக இருக்கிறது, விலையும் மலிவு. ஆனால் பில் இல்லை. வாங்கி அடுக்குவீர்களா? ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் புரியும். ஃபைல் நம்பர் போடாமல் குறிப்பு அனுப்பினால் சூப்பிரண்டு கையெழுத்துப் போடுவாரா?

செத்தவர் டைரி எழுதுவாரா?

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது.

பிரெஞ்சு கவர்னர் டூப்ளெக்சின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-ல் தொடங்கி 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பஜாரில் நடந்தது, கவர்னர் வீட்டில் பேசியது, கப்பல் வந்தது, சண்டை வந்தது எல்லாம் அதில் உண்டு. அது ஆங்கிலத்தில் 12 தொகுதியாக 1904 முதல் 1928 வரை வெளிவந்தது. காலாப்பட்டில் 1985-ல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு அவர் பேரைத்தான் வைத்திருக்கிறது.

நாட்குறிப்பில் ஒரு வசதி: எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. 'பிள்ளை இப்படி எழுதினார்' என்று செல்போன் சொன்னால், 'எந்தத் தேதி?' என்று கேளுங்கள். தேதி சொன்னால், அந்தத் தொகுதியை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. 5 நிமிஷ வேலை!

பிள்ளை இறந்தது 1761 ஜனவரியில். அதே மாதம் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. '1765-ல் பிள்ளை எழுதினார்' என்று ஒரு கட்டுரையில் வந்தால், எழுதியவர் லைப்ரரிப் பக்கம் போகவில்லை என்று அர்த்தம்.

வெள்ளைக்காரருக்கு மட்டும் இருந்த கதவு

புதுவைக்கு லைப்ரரி புதிது அல்ல. 1827-லேயே பிரெஞ்சு அரசு இங்கே பொது நூலகம் திறந்துவிட்டது. முதலில் அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்தது. பிறகுதான் எல்லாருக்கும் கதவு திறந்தது. 1966-ல், நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்து நூற்றாண்டில், அவர் பேர் சூட்டப்பட்டது.

1955-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் இன்னொரு புதையல். அங்கும் கீழ்த்திசை ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் இருக்கும் சைவ ஓலைச்சுவடிகளை, 2005-ல் யுனெஸ்கோ 'உலக நினைவு'ப் பட்டியலில் சேர்த்தது. சுமார் 11 ஆயிரம் சுவடிகள்! சுவடியைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம். ஆனால் அந்த எழுத்தை வாசித்து, 'இது இன்ன சொல்' என்று சொல்ல, படித்த ஒருவர் உட்கார வேண்டும்.

உலகத்தின் வேறு மூலையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் டிக்கெட் போட்டு இங்கே வருகிறார்கள். நெல்லித்தோப்பிலிருந்து போக ஒரு சைக்கிள் போதும்!

பட்டமே போகும்!

'அப்படியே எடுத்து எழுதிட்டா என்ன ஆயிடும்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதி போட்டிருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரையில் அடுத்தவர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், ஒரு வருஷத்துக்குத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து!

அது காப்பிக்கு வந்த விதி. மெஷின் எழுதியதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். சாட்ஜிபிடியை உண்டாக்கிய கம்பெனியே அதற்காக ஒரு கருவி விட்டது. சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று 2023 ஜூலையில் அதையே வாபஸ் வாங்கிவிட்டது. அதனால் தானாக எழுதிய பிள்ளை மேல் சந்தேகம் விழுவதும் நடக்கலாம்.

அப்போது காப்பாற்றுவது எது? எடுத்த புத்தகத்தின் பேர், பக்கம், கைப்பட எடுத்த குறிப்பு. அந்த நோட்டுப் புத்தகம்தான் சாட்சி!

நாற்காலிக்காக வருகிறவர்கள்

சரி, லைப்ரரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் புத்தகத்துக்காகவா வருகிறார்கள்? இல்லை.

பலர் நாற்காலிக்காக வருகிறார்கள். மின்விசிறிக்காக, பிளக் பாயிண்டுக்காக, சத்தம் இல்லாத 3 மணி நேரத்துக்காக வருகிறார்கள். ஒரே அறையில் 4 பேர் இருந்து டி.வி.யும் ஓடினால் பிள்ளை எங்கே படிக்கும்? வசதி உள்ள வீட்டில் தனி அறை இருக்கிறது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு லைப்ரரி மேஜைதான் தனி அறை.

இதைக் குறை சொல்ல வேண்டாம். வந்து உட்கார்ந்த பிள்ளை ஒரு நாள் எழுந்து அலமாரிப் பக்கம் போகும். தேடி வந்த புத்தகத்துக்குப் பக்கத்தில் தேடாத ஒன்று நிற்கும். அதுதான் பல பேருக்கு வழியைத் திருப்பியிருக்கிறது.

6 ஆயிரம் கோடி ரூபாய் சந்தா

இன்னொரு விஷயம் பல பெற்றோருக்குத் தெரியாது. வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் பல, காசு கட்டினால்தான் திறக்கும். செல்போனில் ஓசியாகக் கேட்டால் முழுசாகக் கிடைக்காது.

அரசு உயர்கல்வி நிறுவன மாணவர்கள் அவற்றைப் படிப்பதற்காக, 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2024 நவம்பர் 25-ந் தேதி ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை 3 வருஷத்துக்கு 6 ஆயிரம் கோடி ரூபாய். சுமார் 13 ஆயிரம் பத்திரிகைகள்!

அரசு காலேஜில் படிக்கும் பிள்ளை காலேஜ் நூலகரிடம் போய், "எங்களுக்கு இது உண்டா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ராத்திரி பூரா செல்போனைத் தடவுவதைவிட அது மேல்.

செய்ய வேண்டியது என்ன?

செல்போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. விளங்காத இங்கிலீஷ் பாராவைத் தமிழில் விளக்கச் சொல்லலாம். பிரெஞ்சு வாக்கியத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லலாம். எந்தத் தலைப்பில் தேடலாம் என்று யோசனை கேட்கலாம்.

ஆனால் அது சொன்ன புத்தகம் நூலகப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் எடுத்து, சொன்ன பக்கத்தைத் திறக்க வேண்டும். கண்ணால் பார்க்காததைக் கட்டுரையில் எழுதக் கூடாது. சந்தேகம் வந்தால், அந்த மெஷினையே திரும்பக் கேட்காமல் நூலகரைக் கேட்க வேண்டும்.

பக்கத்துச் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-ல் நூலகங்களுக்கு 5 விதிகளை வகுத்தார். வாசகர் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. இன்று செல்போனும் அதைத்தான் சொல்லி வருகிறது.

நேரம் மிச்சம்தான். ஆனால் இல்லாத புத்தகத்தைத் தேடி ஒரு நாள் அலைந்த பிள்ளைக்கு அது தெரியும்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும், "என்ன படிச்சே?" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள்.

"எந்தப் புத்தகம், எத்தனாவது பக்கம்?" என்று கேளுங்கள்!