உங்களுக்குத் தெரியுமா? சென்னைக்கு ஈடாக ஒரு கனடியக் கோட்டை
ராயபுரத்துக்குத் தெற்கே இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை 1746-இல் பிரெஞ்சுப் படை பிடித்தது. 1749-இல் பிரான்ஸ் அதைப் பிரிட்டனிடம் திருப்பிக் கொடுத்து, இன்றைய கனடாவிலுள்ள லூயிஸ்பர்க் கோட்டையை ஈடாகப் பெற்றது. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் கியூபெக் பிரிட்டனுக்குப் போனது. புதுச்சேரி பிரான்சிடம் திரும்பியது. கொடி இறங்கிய கியூபெக்கில் இன்றும் வீட்டுமொழி பிரெஞ்சு. 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியிலோ, தெருமுனை நீலப் பலகையில் 'ரூ துமா' என்றிருக்கும்; அதன் கீழே நின்று பேசுகிறவர்கள் தமிழில்தான் பேசுவார்கள். 1774 கியூபெக் சட்டம்தான் பிரெஞ்சைக் காத்தது என்பார்கள். அது உரிமையியல் சட்டத்தையும் கத்தோலிக்க வழிபாட்டையும் காத்தது, உண்மைதான். ஆனால் புதுச்சேரிக்கும் 1956 ஒப்பந்தம் பிரெஞ்சை ஆட்சிமொழியாக வைத்ததே! வித்தியாசம் குடிகளில் இருக்கிறது. கியூபெக்கில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிலம் உழுது, பிள்ளை பெற்று, பிரெஞ்சிலேயே வளர்த்தார்கள். புதுச்சேரிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வணிகர், அதிகாரி, சிப்பாய்; ஊர்மக்களோ தமிழர்.