பத்து மணி நேரம் எதற்குப் போதும்?

டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டுபவர்கள் பெரும்பாலும் கேட்பது, எத்தனை நாளில் லைசென்ஸ் கைக்கு வரும் என்றுதான். எத்தனை மணி நேரம் ஸ்டியரிங் கைக்கு வரும் என்று கேட்பவர் குறைவு. அதற்குச் சட்டத்திலேயே கணக்கு உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சொந்தக் கார் ஓட்டப் பழகுபவருக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் நேரடியாக ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. தினம் அரை மணி ஓட்டினால் கணக்கு நேராகிவிடும். ஒரே காரில் மூன்று பேரை ஏற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால், 21 நாள் முடிந்தபின் தேறுவது மூன்றரை மணி நேரம்.

பத்து மணியும் முழுதாகக் கிடைத்தால் போதுமா? வண்டியை அடக்கப் போதும். கிளட்சை விடும் பக்குவம், கியர், ரிவர்ஸ் எல்லாம் அதற்குள் ஓரளவு படிந்துவிடும். டெஸ்ட் நாளில் ஆய்வாளர் பெரும்பாலும் பார்ப்பதும் இவற்றைத்தான். சாலையை அடக்குவது வேறு வித்தை. நிற்கும் பஸ்ஸின் முன்னாலிருந்து யாராவது குறுக்கே வரலாம் என்று முன்பே கால் பிரேக்குக்குப் போக வேண்டும். எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும்போது இடது ஓரத்தைப் பார்த்தபடி வேகத்தைக் குறைக்க வேண்டும். விடியற்காலைக் காலித் தெருவில் இது பழகாது. அரசுக்கும் இது தெரியாததல்ல. 2021-இல் தனி அங்கீகாரத்துடன் அனுமதிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கு அது வகுத்த பாடம் 29 மணி நேரம். அதில் 21 மணி செய்முறை, கிராமச் சாலை, நெடுஞ்சாலை, நகரம், மேடு பள்ளம் என்று பிரித்து. அதே கார், அதே சாலை; ஒரு விதியில் 10, இன்னொன்றில் 21!

மணிக்கணக்கைக் கூட்டினால் விபத்து குறையுமா என்பது நியாயமான கேள்வி. ஸ்வீடன் 1993-இல் பழகத் தொடங்கும் வயதைப் பதினேழரையிலிருந்து 16-ஆகக் குறைத்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக 118 மணி நேரம் பழகினார்கள். பழைய முறையில் அது ஐம்பதைக்கூட எட்டவில்லை. லைசென்ஸுக்குப் பிறகு அவர்களின் விபத்து அபாயம் கணிசமாகக் குறைந்தது. முன்கூட்டியே பழக வந்தவர்கள் இயல்பிலேயே நிதானக்காரர்களாக இருந்திருக்கலாம் என்பதால் முழுப் பெருமையையும் மணிக்கணக்குக்குக் கொடுக்க முடியாது. நார்வேயும் வயதைக் குறைத்தது. அங்கே அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. எனவே எவ்வளவு நேரம் என்பதோடு எங்கே, எப்போது என்பதையும் எண்ண வேண்டும். ஜெர்மனி அப்படித்தான் எண்ணுகிறது: மற்ற வகுப்புகள் தவிர, ஊருக்கு வெளியே 5, ஆட்டோபானில் 4, இருட்டில் 3 என 45 நிமிடப் பாடங்கள் அங்கே கட்டாயம்.

இருபது மணிக்கு மேல் ஸ்கூலுக்குக் கட்டுப்படியாகுமா என்பார்கள். ஆகாதுதான், பலருக்கு. ஆனால் எல்லா மணியும் ஸ்கூலில் கழிய வேண்டியதில்லை. எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தந்தால், எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் சாலையில் ஓட்டலாம். மூன்றே நாளில் பழகி முப்பது வருஷம் ஓட்டும் மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. அவரும் மிச்சத்தை லைசென்ஸ் வாங்கியபின் சாலையில்தான் கற்றிருப்பார், பக்கத்தில் எச்சரிக்க ஆளில்லாமல். அப்படிக் கற்கும்போது தப்பாமல் போனவர்கள் கதை சொல்ல வருவதில்லை.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆனபிறகே டெஸ்ட்டுக்குப் போகலாம். அதன் ஆயுளோ ஆறு மாதம். நம்மில் பலர் அந்த 30 நாளைக் காத்திருப்பாகக் கழித்துவிட்டு 31-ஆம் நாளுக்குத் தேதி கேட்கிறோம். ஆகஸ்டில் எடுத்த எல்.எல்.ஆர். ஐப்பசி மழையையும் மார்கழிப் பனியையும் தாண்டி பிப்ரவரி வரை செல்லும்.