ஸ்கேனுக்கு முன்னமே கதிரை சொல்லிவிடும்

கிழக்கிலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பள்ளிவாசல்களில் கதிரை போட்டுத் தொழும் மூத்தவர்களைக் கேட்டால், "முழங்கால் நோவு" என்பார்கள். பலருக்கு அது உண்மைதான். ஆனால் நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்பும்போது உடம்பைத் தூக்கிவிடுவது தொடையின் முன்பக்கத் தசை. வயது ஏற ஏற மற்றத் தசைகளைவிட அது வேகமாக மெலிகிறது. நெசவு ஊரான மருதமுனையில் காலமெல்லாம் தறி மிதித்த கால்தானே என்று இருந்துவிடவும் முடியாது. தறியை விட்டதும் தசைக்கு வேலை போய்விடுகிறது.

இந்த மெலிவுக்கு சார்கோபீனியா என்று பெயர். அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் 1989இல் வைத்தது. ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகோல் எளிது: கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் சந்தேகம். கையைக் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து தடவை எழும்பி உட்கார 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தாலும் சந்தேகம்தான்.

அடுத்து, தசை எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். அதற்கு வழக்கமானது டெக்ஸா என்ற எக்ஸ்ரே கருவி. காலியில் றுகுணு பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் அதைக் கொண்டு மாதவிடாய் நின்ற பெண்களின் தசை அளவை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனாலும் டெக்ஸா எல்லா ஊரிலும் கிடைப்பதல்ல. கர்ப்பிணிகளுக்குப் பழகிப்போன அல்ட்ராசவுண்ட் இங்கேதான் கைகொடுக்கிறது.

ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, தொடையில் ஜெல்லைத் தாராளமாகப் பூசி, கருவியைப் பட்டும் படாமலும் வைப்பார்கள். கொஞ்சம் அழுத்தினாலும் தசை நசுங்கி, இருப்பதைவிட மெல்லியதாகத் தெரியும். திரையில் தோல், கொழுப்பு, தசை, அடியில் தொடை எலும்பின் வெள்ளைக் கோடு. நல்ல தசை கறுப்பாகத் தெரியும். கொழுப்பும் நாரும் ஊடுருவியது வெளிறிக் கிடக்கும். தடிப்போடு தசையின் தரத்தையும் காட்டுவதுதான் இந்த ஸ்கேனின் சிறப்பு. குறை, எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே வெட்டுப்புள்ளி இன்னும் இல்லாததுதான். அளக்கும் கை மாறினால் எண்ணும் மாறும்.

ஸ்கேன் தசையின் நிலையைச் சொல்லும்; ஹோர்மோன் கதை வேறு. ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் நடுவயதிலிருந்து வருடத்துக்கு ஏறத்தாழ 1 வீதம் இறங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சடாரென்று விழும். வளர்ச்சி ஹோர்மோனும் அதன் சொல்கேட்டு ஈரல் சுரக்கும் ஐ.ஜி.எஃப்-1உம் குறையும். சீனி வருத்தம் இருந்தால் இன்சுலினின் பேச்சும் தசையிடம் எடுபடாது. இவை தசை ஏன் தேய்ந்தது என்று ஊகிக்க உதவும். இரத்தத்தில் ஒரு எண்ணைப் பார்த்து சார்கோபீனியா என்று முடிவு கட்ட முடியாது. டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். பின்னேரம் எடுத்த ஒற்றைச் சோதனையை வைத்து ஹோர்மோன் ஊசிக்கு ஓடுவது வீண் செலவு. புரோஸ்டேட் கோளாறு உள்ளவருக்கு அந்த ஊசி ஆபத்தாகவும் முடியலாம்.

நிரூபணமான மருந்து, எடை தூக்குவது, கதிரையில் இருந்தெழும்புவது போன்ற வலுப் பயிற்சிதான். கூடவே புரதம்: 60 கிலோ எடையுள்ள மூத்தவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் கிடைக்கும். கடலோர வீடுகளில் பகல் சோற்றோடு அது சேர்ந்துவிடும். குறைவது பெரும்பாலும் காலையிலும் இரவிலும்தான். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே கூட்ட வேண்டும்.