கரை தொட்டவர்கள் – 14: ஒரு தம்ளர் குளிர்ந்த பால்

டெசி அர்னாஸ் தாத்தாவாக இருந்த காலத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு தம்ளர் பால் வந்து மறித்துக்கொண்டது. நான்கு நாளாக அதைத் தாண்டிப் போக முடியவில்லை. நாளை காலை இதழ் அச்சுக்குப் போகிறது. தாத்தா கொஞ்சம் காத்திருக்கட்டும், பாலைச் சொல்லிவிடுகிறேன்.

முன்கதை இரண்டே வரி. கியூபாவின் சான்டியாகோ நகர மேயருடைய மகன், 1933 புரட்சியில் வீடுவாசலை இழந்து மயாமிக்கு வந்தவர். 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை மூன்று கேமரா வைத்து ஃபிலிமில்தான் எடுப்பேன் என்று நின்று, எடுத்தும் காட்டியவர். மற்றதெல்லாம் உங்களுக்கே நினைவிருக்கும்.

சென்ற வாரம் அவரை முன்னாள் ராணுவ வீரர் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். ஒரு வாசகர் விடாமல் பிடித்துக்கொண்டார். "எந்தப் போர்முனைக்குப் போனார்? எத்தனை சண்டை பார்த்தார்?" என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. டெசி போர்முனைக்குப் போகவே இல்லை. அப்படியானால் ராணுவத்தில் இருந்த காலத்தில் என்ன செய்தார் என்று தேடப் போனபோதுதான் பால் கிடைத்தது.

1943ஆம் ஆண்டை அவர் ஒரு போர்ப்படத்தோடு தொடங்கினார் என்றே சொல்லலாம். 'பட்டான்' என்ற படம். பிலிப்பைன்ஸ் காட்டில் ஜப்பானியப் படையை எதிர்த்து நிற்கும் சிறு கூட்டத்தின் கதை. அதில் டெசிக்கு ரமிரெஸ் என்ற சிப்பாய் வேடம். ரமிரெஸ் குண்டடிபட்டுச் சாகவில்லை, மலேரியாவில் நடுங்கி நடுங்கிச் சாகிறான். சாகும் நேரத்தில் லத்தீனில் பாவமன்னிப்பு ஜெபத்தை முணுமுணுக்கிறான். அந்த ஜெபம் டெசியின் யோசனை. சான்டியாகோவில் யேசு சபைப் பாதிரியார்கள் நடத்திய கோலேஹியோ தே டோலோரெஸ் பள்ளியில் படித்த பையன் அவர், லத்தீன் அங்கே வந்தது. (அதே பள்ளியில் சில ஆண்டுகள் கழித்துப் படித்த இன்னொரு மாணவர் ஃபிடல் காஸ்ட்ரோ. ஒரு பள்ளி வாசலிலிருந்து இரண்டு பேர் எவ்வளவு எதிரெதிர்த் திசையில் போயிருக்கிறார்கள்! இதைத் தனியாக ஒரு வாரம் எழுதத்தான் வேண்டும்.) அந்தச் சாவுக்காட்சிக்காக 'ஃபோட்டோப்ளே' சினிமா இதழ் அவருக்கு விருது கொடுத்தது.

படம் வந்த அதே ஆண்டு ராணுவமும் கூப்பிட்டது. கட்டாய ராணுவ சேவை நடந்துகொண்டிருந்த காலம். வேறு நாட்டிலிருந்து வந்து தங்கியவர்களுக்கும் அழைப்பு வரும். டெசிக்கும் வந்தது. முகாமில் போய்ச் சேருவதற்கு முன்பே முழங்காலில் அடிபட்டுவிட்டது. அப்படியும் அடிப்படைப் பயிற்சியை முடித்தார். ஆனால் முழங்காலைப் பார்த்த ராணுவம், இவரைச் சண்டைக்கு அனுப்ப முடியாது, உள்நாட்டு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. திரையில் பட்டான் காட்டில் செத்துப்போனவர், நிஜத்தில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் இருந்த ராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். பர்மிங்ஹாம் பொது மருத்துவமனை என்று பெயர். காயம்பட்டு வந்தவர்களுக்குப் பாட்டு, நாடகம், சினிமா என்று ஏற்பாடு செய்வதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

பசிபிக் போர்முனையிலிருந்து கப்பலில் வந்து, கலிபோர்னியாவில் இறங்கி, படுத்த படுக்கையாகவே அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் ஏராளம். கை போனவர்கள், கால் போனவர்கள், முதுகெலும்பில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாதவர்கள். இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள். அவர்கள் வந்து இறங்கியதும் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று டெசி கவனித்தார். சிகரெட்டோ விஸ்கியோ கேட்டிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அவர்கள் கேட்டது பால். ஒரு தம்ளர் பால், குளிரக் குளிர.

இதைப் படித்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். போர்முனையில் அவர்களுக்குக் கிடைத்தது பால்பவுடர். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் அடியில் கட்டி கட்டியாகத் தங்கும், நாக்கில் சுண்ணாம்பு பூசினாற்போல ஒட்டும். வெப்பக் காட்டில் ஐஸ்பெட்டிக்கு எங்கே போவது? மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், கறந்த பாலைக் கண்ணால் பார்த்ததில்லை. வீட்டில் இருந்தபோது ஒவ்வொரு நாளும் காலையில் கண்ணாடி பாட்டிலில் வாசலுக்கு வந்து நின்ற பால் அது. வெளிப்புறம் முத்து முத்தாக வியர்த்திருக்கும், கையில் எடுத்தால் விரல் சில்லிடும். அம்மா ஊற்றிக் கொடுத்தது. போருக்குப் போகிறவன் விட்டுவிட்டுப் போகிற பொருள்களின் பட்டியலில் பாலை யாரும் எழுத மாட்டார்கள். திரும்பி வந்து படுத்ததும் அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

எனக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் கஞ்சியிலேயே கிடந்தபோது, வாய்விட்டுக் கேட்டது ரசம் சோறும் சுட்ட அப்பளமும்தான். சாதாரண நாளில் அந்தச் சாப்பாட்டுக்கு முகம் சுளித்தவன் நான். அதனால் இந்தப் பையன்கள் எதைக் கேட்டார்கள் என்று எனக்குப் புரிகிறது. அவர்கள் பட்டதில் நூற்றில் ஒரு பங்குகூட நான் படவில்லை, ஆனாலும் புரிகிறது.

கேட்டார்கள், டெசி கொடுத்தார் என்று கதை முடிந்திருந்தால் நான் இத்தனை வரி செலவழித்திருக்க மாட்டேன். பாலை வார்டு ஊழியர் யாராவது தட்டில் வைத்துக் கொண்டுவந்து வைத்தாலும் பால்தான். டெசி ஹாலிவுட்டின் இளம் நடிகைகளை அழைத்துவந்தார். கட்டிலில் கிடக்கும் பையன்களை வரவேற்று, அவர்களுக்கு அந்தப் பாலைத் தங்கள் கையால் ஊற்றிக் கொடுப்பதுதான் நடிகைகளின் வேலை. அவர் மனைவி லூசில் பால் அப்போது எம்.ஜி.எம். நடிகை. ஊர் பக்கத்திலேயே ஸ்டூடியோக்கள். யாரைக் கேட்டால் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பயப்படும் ஒரு பையன். ஊருக்குப் போனால் பெண்கள் தன்னைத் திரும்பியாவது பார்ப்பார்களா என்று இரவெல்லாம் கண்விழித்துக் கிடப்பவன். அவன் கட்டிலருகே, சினிமா போஸ்டரில் பார்த்த பெண் வந்து நின்று, பெயரைக் கேட்டு, தம்ளரில் பால் ஊற்றி நீட்டுகிறாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து இது. பக்கத்து ஊர் சினிமாக்காரனுக்கு இது தோன்றியது என்பதால் எனக்கு அவர்மேல் பாசம் வந்துவிட்டது.

அந்த மருத்துவமனையைப் பற்றி இன்னும் இரண்டு செய்தி, விட மனமில்லை. போர் முடிந்த பிறகு அங்கிருந்த முதுகெலும்புக் காயக்காரர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கூடைப்பந்து ஆடினார்கள். 'பறக்கும் சக்கரங்கள்' என்று அணிக்குப் பெயர் வைத்து ஊர் ஊராகப் போனார்கள். இன்று பாராலிம்பிக்கில் நாம் பார்க்கும் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கு முன்னோடிகளில் அவர்களும் உண்டு. அடுத்த செய்தி, மார்லன் பிராண்டோ. தன் முதல் படமான 'தி மென்' படத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த சிப்பாயாக நடிப்பதற்காக, அதே மருத்துவமனையில் அந்த நோயாளிகளோடு சில வாரங்கள் நாற்காலியிலேயே வாழ்ந்து பழகினார். படம் வந்தது 1950இல். இப்போது அந்த இடத்தில் பள்ளிக்கூடம் நடக்கிறது.

டெசிக்கு வருகிறேன். வந்து இறங்குகிறவனுக்கு முதலில் என்ன வேண்டும் என்பது அவர் கண்ணில் ஏன் பட்டது? அவரே வந்து இறங்கியவர் என்பதுதான் என் பதில். 1933 ஆகஸ்டில் கியூப அதிபர் மச்சாடோவின் ஆட்சி கவிழ்ந்தபோது சான்டியாகோ வீட்டைக் கூட்டம் சூறையாடியது. அப்பா ஆறு மாதம் சிறையில் இருந்தார். மேயர் மகனாகக் காரும் குதிரையும் படகுமாக வளர்ந்த பையன், 1934இல் மயாமியில் கையில் காசில்லாமல் நின்றான். அப்பாவும் மகனும் ஒரு கிடங்கில் எலிகளை விரட்டிக்கொண்டு படுத்தார்கள், டப்பாவில் அடைத்த பீன்ஸைத் தின்றார்கள். கேனரிப் பறவைக் கூண்டுகளைக் கழுவும் வேலை கிடைத்தது. அந்தக் கூண்டுகளை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1954இல் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, பேச்சு தழுதழுத்து, கூண்டு கழுவிய இடத்திலிருந்து இந்த மேடைவரை வந்த தூரத்தைச் சொல்லி, இந்த நாட்டுக்கு நன்றி சொன்னார்.

கூண்டிலிருந்து அவரை மீட்டது கொங்கா. இதைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. மேயராக இருந்த அவருடைய அப்பா 1925இல், திருவிழாவில் தெருவில் கொங்கா முழக்கி ஆடக் கூடாது என்று தடை போட்டவர். கறுப்பின மக்களின் பறை அது, நாகரிகத்துக்கு ஒவ்வாது என்பது அன்றைய பெரிய மனிதர்களின் எண்ணம். அந்த எண்ணம் தவறு, அதை மென்று விழுங்க எனக்கு மனமில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, அகதியாக வந்த மகன் மயாமி பீச்சில் அதே கொங்காவைத் தோளில் மாட்டிக்கொண்டு அடித்தான். அமெரிக்கர்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆடினார்கள். அப்பா தடுத்த பறை மகனுக்குச் சோறு போட்டது. சான்டியாகோவின் கறுப்பின வாத்தியக்காரர்கள் பெயர் தெரியாமல் போனார்கள். அவர்கள் கொடுத்த கடன் அது.

கேள்வி கேட்ட வாசகருக்கு: 1945 நவம்பரில் ராணுவம் அவரை விடுவித்தது. நெஞ்சில் போர்முனைப் பதக்கம் இல்லை. முன்னாள் ராணுவ வீரர் என்று நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றப் போவதில்லை.

ஒன்று கவனித்தேன். 1951இல் 'ஐ லவ் லூசி' படப்பிடிப்பு தொடங்கியபோது, நேரில் பார்க்க வந்த பார்வையாளர்கள் முன்னால் முதலில் வந்து நின்று, வாருங்கள் என்று வரவேற்று, இரண்டு கதை சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தது டெசிதான். தயாரிப்பு நிறுவனத்தின் முதலாளி, தொடரின் நாயகன், அதற்கு ஆள் வைத்திருக்கலாம். வந்தவர்களை வாசலில் நின்று கூப்பிடும் வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

தாத்தா இன்னும் டெல் மார் கடற்கரை வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், பக்கம் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் நேராக அங்கே போகிறோம். 1986 நவம்பர் 30. அவருக்கும் லூசிலுக்கும் மணமாகி அன்றோடு 46 ஆண்டு, மணமுறிவு ஆகி 26 ஆண்டு. புற்றுநோயில் கிடந்தவரின் வீட்டில் தொலைபேசி அடித்தது.

(தொடரும்)